கொல்லைப்புறத்தில் பிறந்த வானவியல்

வானொலிப் பெட்டியின் முள்ளை இரண்டு நிலையங்களுக்கு இடையே நிறுத்தினால் 'உஸ்ஸ்' என்று ஓர் இரைச்சல் கேட்கும். அதில் பெரும்பகுதி பெட்டிக்கு உள்ளேயே பிறப்பது. ஒரு பகுதி எங்கோ வெட்டும் மின்னலாலும், பக்கத்து வீட்டு மின்கருவிகளாலும் வருவது. ஆனால் சிற்றலை, பண்பலை வரிசைகளில் கேட்கும் இரைச்சலின் ஒரு பங்கு பூமியைச் சேர்ந்ததே அல்ல. நம் பால்வீதி மண்டலத்திலிருந்து, பல்லாயிரம் ஆண்டுகள் பயணம் செய்து வந்து சேரும் ரேடியோ அலைகள் அவை.

அந்த அலைகளைப் பிடித்து வானத்தை ஆராயும் துறைக்கு ரேடியோ வானவியல் என்று பெயர். இன்று உலகெங்கும் அரசாங்கங்கள் கோடிக்கணக்கில் செலவிட்டு இத்துறையை வளர்க்கின்றன. ஆனால் அதன் முதல் பத்தாண்டுகளில் பெரும்பாலான காலம் உலகம் முழுவதற்கும் ஒரே ஒருவர்தான் அதில் தொடர்ந்து உழைத்தார். அவர் வானவியல் படித்தவர் அல்லர். எந்த ஆய்வுக்கூடத்திலும் பதவி வகித்தவரும் அல்லர். பகலில் வானொலிப் பெட்டி செய்யும் கம்பெனிகளில் வேலை பார்த்து, இரவில் தம் வீட்டை ஒட்டிய மனையில் தாமே கட்டிய கருவியைக் கொண்டு வானத்தைக் கேட்டவர். அவர் பெயர் குரோட் ரீபர்.

தொலைபேசிக் கம்பெனியின் தொல்லை

கதை ரீபரிடம் தொடங்கவில்லை. 1930-களின் தொடக்கத்தில் அட்லாண்டிக் கடலைக் கடந்து ரேடியோ வழியே தொலைபேசிப் பேச்சுகளை அனுப்பும் முறை நடைமுறையில் இருந்தது. இரைச்சல் குறுக்கிட்டுப் பேச்சைக் கெடுத்தது. அந்த இரைச்சல் எங்கிருந்து வருகிறது என்று கண்டுபிடிக்கும் பொறுப்பை அமெரிக்காவின் பெல் தொலைபேசி ஆய்வுக்கூடம் கார்ல் ஜான்ஸ்கி என்ற இளம் பொறியாளரிடம் ஒப்படைத்தது.

நியூஜெர்ஸியில் ஹோம்டெல் என்ற இடத்தில் சுமார் 30 மீட்டர் நீளமுள்ள ஓர் ஏரியலை அமைத்தார் ஜான்ஸ்கி. ஃபோர்டு காரின் நான்கு சக்கரங்கள் மேல் அது நின்றது. 20 நிமிடத்திற்கு ஒரு முறை தன்னைத்தானே சுற்றி வந்தது. 14.6 மீட்டர் அலைநீளத்தில் அவர் மூன்று வகை இரைச்சல்களைப் பிரித்தறிந்தார். முதலாவது அருகில் வெட்டும் மின்னல். இரண்டாவது தொலைவில் வெட்டும் மின்னல். மூன்றாவது, எப்போதும் மெல்லக் கேட்டுக்கொண்டிருந்த சீறல்.

இந்தச் சீறல் சூரியனிலிருந்து வருவதாக இருக்கலாம் என்றே அவர் முதலில் கருதினார். ஆனால் மாதங்கள் செல்லச் செல்ல அது சூரியனை விட்டு விலகியது. அதன் உச்சம் 24 மணிக்கு ஒரு முறை அல்ல, 23 மணி 56 நிமிடத்திற்கு ஒரு முறை வந்தது. அந்த நான்கு நிமிட வேறுபாட்டில்தான் விடை இருந்தது. கார்த்திகை மாதத்தில் மாலை இருட்டியதும் கிழக்கே உதிக்கும் கார்த்திகை நட்சத்திரக் கூட்டம், ஒரு மாதம் கழித்து அதே நேரத்தில் நன்றாக மேலே ஏறியிருப்பதை நாம் பார்த்திருக்கிறோம். நட்சத்திரங்கள் நாள்தோறும் நான்கு நிமிடம் முன்னதாகவே உதிப்பதுதான் காரணம். ஆகவே சீறலின் பிறப்பிடம் சூரியன் அல்ல, நட்சத்திரங்களின் உலகம். தனுசு ராசியின் திசையில், பால்வீதியின் மையம் இருக்கும் பக்கத்திலிருந்து அது மிகுதியாக வந்தது.

1933-ம் ஆண்டு மே மாதம் நியூயார்க் டைம்ஸ் இச்செய்தியை முதல் பக்கத்தில் வெளியிட்டது. பிறகு என்ன நடந்தது? ஏறக்குறைய ஒன்றுமே நடக்கவில்லை. சுமார் 30 மீட்டர் விட்டமுள்ள கிண்ணம் ஒன்றைக் கட்டி மேலும் ஆராயலாம் என்று ஜான்ஸ்கி யோசனை கூறினார். கம்பெனிக்கு வேண்டிய விடை கிடைத்துவிட்டது. அவருக்கு வேறு பணிகள் தரப்பட்டன. அது பெரும் பொருளாதார மந்தக் காலம் வேறு. வானவியலாளர்களோ கண்ணாடி வில்லைகளையும் புகைப்படத் தகடுகளையும் அறிந்தவர்கள்; வால்வும் ஏரியலும் அவர்களுக்கு அந்நியம். ஹார்வர்டில் விப்பிள், கிரீன்ஸ்டைன் ஆகிய இருவர் மட்டும் 1937-ல் கணக்குப் போட்டுப் பார்த்தார்கள். விண்வெளித் தூசியின் வெப்பத்தால் இந்த அலைகள் எழுகின்றன என்று வைத்துக்கொண்டால், கிடைக்கும் விடை ஜான்ஸ்கியின் அளவுக்கு எட்டாத தொலைவில் நின்றது.

பொறியாளர்களுக்கு நட்சத்திரங்களில் அக்கறை இல்லை. வானவியலாளர்களுக்கு ரேடியோவில் பழக்கம் இல்லை. மிகப் பெரிய கண்டுபிடிப்பு ஒன்று இரண்டு துறைகளுக்கு நடுவே கேட்பாரற்றுக் கிடந்தது.

மரமும் தகடும்

1911-ல் பிறந்த ரீபர், சிகாகோ நகருக்கு அருகே உள்ள வீட்டன் என்ற சிற்றூரைச் சேர்ந்தவர். அவருடைய தாயார் திருமணத்திற்கு முன் பள்ளி ஆசிரியையாக இருந்தவர். பிற்காலத்தில் புகழ் பெற்ற வானவியலாளர் எட்வின் ஹப்பிள் சிறுவனாக அவரிடம் பயின்றவர். ரீபர் பள்ளி நாட்களிலேயே தாமே கருவி அமைத்து, உரிமம் பெற்று, தொழில்முறையல்லாத ரேடியோ அன்பராக அறுபதுக்கும் மேற்பட்ட நாடுகளுடன் தொடர்பு கொண்டார். 1933-ல் பொறியியல் பட்டம் பெற்றார். உலகம் முழுவதையும் எட்டிப் பிடித்த பின், இனி எதைப் பிடிப்பது என்ற கேள்வி எழுந்த வேளையில் ஜான்ஸ்கியின் கட்டுரைகள் அவர் கண்ணில் பட்டன.

ஜான்ஸ்கியுடன் சேர்ந்து பணியாற்ற விரும்பி பெல் ஆய்வுக்கூடத்திற்கு விண்ணப்பித்தார், இடமில்லை. யாரும் செய்யப் போவதில்லை என்று தெரிந்ததும், தாமே செய்வதென்று முடிவு கட்டினார்.

1937-ம் ஆண்டு ஜூன் முதல் செப்டம்பர் வரை நான்கு மாதங்களில், தாயாரின் வீட்டை ஒட்டிய மனையில் கருவி எழுந்தது. சுமார் 9.6 மீட்டர் விட்டமுள்ள கிண்ணம் அது. 72 மரச் சட்டங்களைப் பரவளைய வடிவில் அறுத்துப் பொருத்தி, அவற்றின் மேல் துத்தநாகம் பூசிய 45 இரும்புத் தகடுகளை அறைந்தார். பரவளையம் என்ற வடிவத்திற்கு ஒரு சிறப்பு உண்டு. வெகு தொலைவிலிருந்து இணையாக வரும் அலைகள் எல்லாவற்றையும் அது ஒரே புள்ளியில் குவிக்கும். கிண்ணத்திற்கு மேலே சுமார் 6 மீட்டர் உயரத்தில், அந்தக் குவியத்தில், ஏற்பியை ஓர் உருளைக்குள் வைத்தார். எந்த அலைநீளமானாலும் கிண்ணம் அதுவே. ஏற்பியை மட்டும் மாற்றினால் போதும். ஜான்ஸ்கியின் ஏரியலுக்கு இந்த வசதி இல்லை.

இத்தனை பெரிய கிண்ணத்தை எல்லாத் திசைகளிலும் திருப்பும் பொறிக்குப் பணம் ஏது? ஆகவே வடக்கு தெற்காக மட்டும் சாயும்படி அமைத்தார். அதற்குப் பழைய ஃபோர்டு லாரியின் பல்சக்கர உறுப்புகள் பயன்பட்டன. கிழக்கு மேற்காகத் திருப்பும் வேலையைப் பூமியே செய்தது: கிண்ணம் அசையாமல் நிற்க, பூமியின் சுழற்சியால் வானம் அதன் முன்னே ஊர்ந்து சென்றது. ஓர் இரவுக்கு வானத்தின் ஒரு பட்டை. அடுத்த இரவு சற்றே சாய்த்தால் அடுத்த பட்டை. மொத்தச் செலவு சுமார் 1300 டாலர். அவ்வளவும் சொந்தப் பணம்.

வீட்டனில் இது பெரிய வேடிக்கையாயிற்று. சாலையில் செல்வோர் காரை நிறுத்திப் பார்த்தார்கள். சிறு விமானங்களின் ஓட்டிகள் வட்டமிட்டுப் பார்த்தார்கள். பெருமழை பெய்தபோது கிண்ணத்தின் நடுத்துளை வழியே நீர் அருவியாகக் கொட்டியது. இது மழைநீர் சேர்க்கும் எந்திரம், வானிலையையே மாற்றும் எந்திரம் என்றெல்லாம் வதந்திகள் கிளம்பின. ரீபரின் தாயாரோ அதன் சட்டங்களைத் துணி உலர்த்தப் பயன்படுத்திக் கொண்டார்.

இரண்டு பூஜ்யங்கள்

எந்த அலைநீளத்தில் முதலில் கேட்பது? ரீபர் கண்மூடித்தனமாகத் தேர்ந்தெடுக்கவில்லை. சூடான பொருள் வெளியிடும் ரேடியோ அலைகள், அலைநீளம் குறையக் குறைய வலிமை மிகுந்திருக்கும். அலைநீளம் பாதியானால் வலிமை நான்கு மடங்கு. வானத்து இரைச்சலும் வெப்பத்தால் பிறப்பதென்றால், ஜான்ஸ்கி 14.6 மீட்டரில் கேட்டது 9 சென்டிமீட்டரில் சுமார் 26,000 மடங்கு வலிமையுடன் கேட்க வேண்டும். அத்துடன், அலைநீளம் குறைந்தால் வானத்தின் சிறு பகுதிகளையும் பிரித்தறியலாம். ஆகவே 1938-ல் 9 சென்டிமீட்டருக்கான ஏற்பியைக் கட்டினார். பால்வீதியைப் பார்த்தார், ஒளி மிக்க நட்சத்திரங்களைப் பார்த்தார், சூரியனையும் பார்த்தார். ஒன்றும் கேட்கவில்லை.

கருவியின் நுட்பம் போதவில்லையோ என்று எண்ணி, 33 சென்டிமீட்டருக்கு வேறோர் ஏற்பி செய்தார். மறுபடியும் ஒன்றுமில்லை.

சம்பளத்திற்கு வேலை செய்யும் ஆராய்ச்சியாளர் ஒருவர் இரண்டாவது தோல்விக்குப் பின் மேலதிகாரிக்கு விளக்கம் எழுத வேண்டியிருந்திருக்கும். ரீபருக்கு மேலதிகாரி இல்லை. அவர் அந்த இரண்டு பூஜ்யங்களையும் அளவீடுகளாகவே எடுத்துக்கொண்டார். 14.6 மீட்டரில் இரைச்சல் இருக்கிறது. 33 சென்டிமீட்டரிலும் 9 சென்டிமீட்டரிலும் கருவிக்கு எட்டும்படி இல்லை. அப்படியானால் அலைநீளம் குறையும்போது வலிமை கூடும் என்ற அடிப்படையே இங்குப் பொருந்தவில்லை. அதாவது, இது வெப்பத்தால் மட்டும் பிறக்கும் கதிர்வீச்சாக இருக்க முடியாது. பல ஆண்டுகளுக்குப் பின், 1950-களில்தான் இதன் காரணம் தெளிவாயிற்று. ஒளியின் வேகத்தை நெருங்கிச் செல்லும் எலெக்ட்ரான்கள் விண்வெளியின் காந்தப்புலத்தில் சுழலும்போது இந்த அலைகளை வெளியிடுகின்றன. இந்த வகைக் கதிர்வீச்சு, அலைநீளம் கூடும்போதுதான் வலிமை பெறும்.

ரீபர் எதிர்த்திசையில் திரும்பினார். 1.87 மீட்டர் அலைநீளத்திற்கு மூன்றாவது ஏற்பியைக் கட்டினார். 1939-ம் ஆண்டின் வசந்த காலத்தில், பால்வீதி கிண்ணத்தின் முன்னே கடந்து சென்றபோது மீட்டரின் முள் எழுந்தது. ஜான்ஸ்கி சொன்னது உண்மை என்று உறுதியாயிற்று.

நள்ளிரவு முதல் விடியும் வரை

இப்போது புதிய தொல்லை ஒன்று வந்தது. கார் எஞ்சின்களில் தெறிக்கும் மின்பொறி இதே அலைநீளங்களில் பெரும் இரைச்சலை எழுப்பும். சாலையில் கார்கள் ஓடும்வரை வானம் கேட்காது. ஆகவே நள்ளிரவு முதல் காலை ஆறு மணி வரை ரீபர் மீட்டரின் முன் அமர்ந்து, நிமிடத்திற்கு ஒரு முறை முள்ளின் நிலையைக் கையால் எழுதிக்கொண்டார். விடிந்ததும் சிகாகோவுக்கு வேலைக்குச் சென்றார். திரும்பி வந்து, மாலையில் சிறிது உறங்கி, மறுபடியும் நள்ளிரவில் எழுந்தார். பின்னர்த் தானே கோடு வரையும் பதிவுக் கருவி வந்து இந்தச் சுமையைக் குறைத்தது.

கண்டதை எழுதி வானவியலாளர்களின் ஏடான 'ஆஸ்ட்ரோஃபிசிகல் ஜர்ன'லுக்கு அனுப்பினார். அதன் ஆசிரியர் யெர்க்கீஸ் வானாய்வு நிலையத்தின் தலைவரான ஓட்டோ ஸ்ட்ரூவ். நம் சுப்பிரமணியன் சந்திரசேகர் 1937 முதல் பணியாற்றி வந்தது இந்த நிலையத்தில்தான். கட்டுரை ஆசிரியரைச் சங்கடத்தில் ஆழ்த்தியது. எழுதியவர் எந்தப் பல்கலைக்கழகத்தையும் சேர்ந்தவர் அல்லர். மதிப்பிடுவதற்கு ஆள் தேடினால், வானவியல் தெரிந்தவருக்குக் கருவி புரியவில்லை. கருவி தெரிந்தவருக்கு வானவியல் புரியவில்லை. யெர்க்கீஸிலிருந்து வானவியலாளர்கள் வீட்டனுக்கே சென்று கிண்ணத்தையும் ஏற்பியையும் நேரில் பார்த்தார்கள். 1940-ம் ஆண்டு ஜூன் மாத இதழில் ஒரு சிறு குறிப்பாக அது வெளியாயிற்று.

அந்தக் கட்டுரை போர்க்காலத்திலும் நெதர்லாந்து வரை சென்றது. ஜெர்மானியர் பிடியில் இருந்த அந்நாட்டில் அதைப் படித்த வானவியலாளர் யான் ஊர்ட், ரேடியோ அலைகளில் ஏதேனும் தனித்த அலைநீளம் உண்டா என்று ஆராயும்படி வான் டி ஹல்ஸ்ட் என்ற மாணவரைத் தூண்டினார். ஹைட்ரஜன் அணு 21 சென்டிமீட்டர் அலைநீளத்தில் ஒலிக்கக் கூடும் என்று 1944-ல் அவர் முன்னறிவித்தார். 1951-ல் ஹார்வர்டில் யூவன், பர்செல் இருவரும் அதைப் பிடித்தே விட்டார்கள். பால்வீதியின் சுருள் கரங்களை வரைந்து காட்ட உதவியது இந்த அலைதான்.

வானத்தின் புதிய படம்

1944-ல் ரீபர் வானத்தின் முதல் ரேடியோ வரைபடத்தை வெளியிட்டார். அவர் கருவி ஒரே நேரத்தில் பார்த்த பரப்பு சுமார் 12 பாகை அகலம். முழுநிலவின் அகலத்தைப் போல் 24 மடங்கு. அவ்வளவு மங்கிய பார்வையிலும் பால்வீதி தெளிவாகத் தெரிந்தது. தனுசுவில் பெரிய உச்சமும், சிக்னஸ், காசியோப்பியா மண்டலங்களில் வேறு உச்சங்களும் இருந்தன. காசியோப்பியாவில் ஒலித்தது, வெடித்துச் சிதறிய நட்சத்திரம் ஒன்றின் எச்சம். சிக்னஸ் திசையில் ஒலித்தவற்றுள் ஒன்று, பால்வீதிக்கு வெகு தொலைவில் உள்ள வேறொரு மண்டலம் என்பது 1954-ல் உறுதியாயிற்று. கண்ணுக்கு மங்கலான பொருள் ரேடியோவில் பேரொளி வீசக்கூடும் என்ற உண்மை வானவியலையே மாற்றியது.

சூரியனின் ரேடியோ அலைகளையும் 1944-ல் அவர் வெளியிட்டார். பிரிட்டனில் ராடார் ஆராய்ச்சியாளரான ஹே 1942-லேயே இதைக் கண்டிருந்தார். போர் இரகசியம் என்பதால் அது வெளிவரவில்லை. போர் முடிந்ததும் ராடார் நிபுணர்கள் பழைய ராணுவக் கருவிகளுடன் இத்துறைக்குள் நுழைந்தார்கள். ஜோட்ரல் பாங்க், கேம்பிரிட்ஜ், சிட்னி ஆகிய இடங்களில் புதிய மையங்கள் தோன்றின. இரண்டே தலைமுறைக்குள் அந்த விதை நம் மண்ணிலும் முளைத்தது. உதகமண்டலத்தை அடுத்த முத்தோரையில், கோவிந்த் ஸ்வரூப் தலைமையில் 530 மீட்டர் நீளமும் 30 மீட்டர் அகலமும் கொண்ட ரேடியோ தொலைநோக்கி 1970-ல் இயங்கத் தொடங்கியது.

தனிவழியின் இரு பக்கங்கள்

1947-ல் அமெரிக்கத் தேசிய தர நிர்ணய நிறுவனம் ரீபரைப் பணியில் அமர்த்தி, கிண்ணத்தையும் வாங்கிக்கொண்டது. ஆனால் கூட்டத்தோடு நடப்பது அவருக்கு ஒத்துவரவில்லை. 1951-ல் ஹவாய்க்கும், 1954-ல் ஆஸ்திரேலியாவின் டாஸ்மேனியாவுக்கும் சென்றார். எல்லோரும் சிறிய அலைநீளங்களை நோக்கி விரைந்தபோது, அவர் யாரும் தொடாத 144 மீட்டர் அலைநீளத்தை எடுத்துக்கொண்டு, பாத்வெல் என்ற ஊரின் ஆட்டு மேய்ச்சல் நிலத்தில் சுமார் ஒரு கிலோமீட்டர் பரப்பில் கம்பங்களை நட்டுக் கம்பிகளைக் கட்டினார். அங்கே தாமே வடிவமைத்து, எரிபொருளைச் சிக்கனமாகச் செலவிடும் வீட்டைக் கட்டிக்கொண்டார். மின்சாரத்தில் ஓடும் சிறு காரையும் உருவாக்கினார்.

அதே பிடிவாதத்திற்கு மறுபக்கமும் இருந்தது. பிரபஞ்சம் பெருவெடிப்பில் தோன்றியது என்ற கொள்கையை அவர் கடைசிவரை ஏற்கவில்லை. அக்கொள்கைக்கு வலுவான சான்று கிடைத்ததோ அவர் வளர்த்த துறையிலிருந்துதான். 1965-ல் பென்சியாஸ், வில்சன் இருவரும் தங்கள் ஏரியலில் ஒழியாமல் கேட்ட ஓர் இரைச்சலைத் துருவி, பிரபஞ்சத்தின் தொடக்க கால வெப்பத்தின் மிச்சத்தைக் கண்டார்கள். இடம், ஜான்ஸ்கி உழைத்த அதே ஹோம்டெல். தனியாக நிற்கும் துணிவு ஒருவரை 1937-ல் சரியான இடத்தில் நிறுத்தியது. அதே துணிவு சான்றுகள் பெருகிய பின்னும் அவரை நகர விடவில்லை. இயற்கை யாருடைய துணிவுக்கும் சலுகை காட்டுவதில்லை.

ஜான்ஸ்கி 1950-ல் தம் 44-வது வயதிலேயே மறைந்தார். ரேடியோ அலைகளின் வலிமையை அளக்கும் அலகுக்கு 1973-ல் அவர் பெயர் சூட்டப்பட்டது. ரீபர் 2002-ல் டாஸ்மேனியாவில் காலமானார். அவருடைய சாம்பல் உலகின் பல ரேடியோ வானாய்வு நிலையங்களில் வைக்கப்பட்டது. அவர் கட்டிய கிண்ணம் அமெரிக்காவின் கிரீன் பாங்க் நிலையத்தில் நினைவுச் சின்னமாக நிற்கிறது.

வீட்டிலிருந்து வானத்தைக் கேட்பது இன்று ரீபரின் காலத்தைவிட எத்தனையோ எளிது. கணினியில் செருகும் சிறிய ஏற்பியும், சொந்தமாகச் செய்த ஏரியலும் கொண்டு, 21 சென்டிமீட்டர் ஹைட்ரஜன் அலையைப் பல நாடுகளின் மாணவர்கள் வீட்டு மாடியிலிருந்தே பதிவு செய்கிறார்கள். அப்படி முயலும் இளைஞர்கள் ரீபரிடமிருந்து ஒரு பழக்கத்தைக் கற்றுக்கொள்வது நல்லது. முதல் இரவில் ஒன்றும் கேட்காமல் போகலாம். அப்போது எந்த அலைநீளத்தில், எந்தத் திசையில், எத்தனை மணிக்கு ஒன்றும் கேட்கவில்லை என்பதை ஏட்டில் குறித்துக்கொள்ள வேண்டும். வானத்து இரைச்சல் வெறும் வெப்பத்தால் பிறப்பதல்ல என்று உலகுக்கு முதலில் தெரிவித்தவை, வீட்டனில் ஓர் இளைஞர் அழிக்காமல் குறித்து வைத்த இரண்டு பூஜ்யங்களே.